வேற்று மண்ணில் எடுத்த படம்

ஒரு நாட்டுக் கலைஞர் பிறிதொரு நாட்டிற்குச் சென்று, அந்நாட்டு நடிகரையும் தொழிலாளரையும் கொண்டு திரைப்படம் எடுத்தல் தகுமா? தகாது என்பார் பலர். மொழி அறியாதவன் முகத்தைக் கண்ட அளவிலேயே உள்ளத்தையும் அறிந்துவிட்டதாக மயங்குவான் என்பது அவர்கள் காட்டும் காரணம். இதனைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. அமெரிக்கராகிய ராபர்ட் பிளாகர்ட்டி, கனடாவின் வடபுலத்து இனுவிட் மக்களைக் கொண்டு எடுத்த ‘வடபுலத்து நானூக்’ என்னும் படம் 1922ஆம் ஆண்டில் வெளிவந்தது. படமெடுக்கத் துணைநின்றவரும் அம்மக்களே. ஆயினும், துப்பாக்கியால் வேட்டையாடப் பழகிவிட்ட அவர்களை எறியீட்டி ஏந்துமாறு அவர் செய்தார். பனிவீட்டினுள் ஒளி போதாமையால் அதன் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அக்கடுங்குளிரில் அவர்களை உறங்கி எழுவதுபோல் நடிக்கச் செய்தார். படம் அழகியது, உலகமும் போற்றியது. ஆனால், அதிற் கண்டது அம்மக்களின் அன்றைய வாழ்வோ, அயலார் காண விரும்பிய வாழ்வோ?

உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொள்வதனால் மட்டும் குறை நீங்கிவிடாது என்பது இதனால் விளங்கும். யார் சொல்லுக்கு யார் செவிசாய்த்தனர் என்பதனையும் காணுதல் வேண்டும். அவ்வாறு காண்பார்க்கு, ஜப்பானியராகிய அகிரா குரோசாவா சோவியத்து நாட்டிற்குச் சென்று 1975இல் முடித்த ‘தெர்சு உசாலா’ சிறந்ததொரு சான்றாகும்.

ருஷ்யாவின் கீழ்க்கோடியில் உள்ளது உசூரிக் காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அளக்கச் சென்ற படைத்தலைவர் அர்செனியேவ், தமக்கு வழிகாட்டிய நானாய் இனத்து வேடராகிய தெர்சுவைப் பற்றி நூல் எழுதினார். குரோசாவா அதனை இளமையிலேயே படித்தவர். அக்கதையை ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் நிகழ்ந்ததாக மாற்றி எடுக்கவும் அவர் ஒருகால் எண்ணினார், பின்னர் விட்டுவிட்டார். விட்டதே நன்று. அத்தீவின் காடு உசூரிக் காட்டிற்கு ஈடாகுமா?

1970இல் வெளிவந்த அவருடைய படம் பொருளிழப்பில் முடிந்தது. அடுத்த படத்திற்கு வழியின்றி இருந்தவரை, மாஸ்கோவின் மாஸ்பிலிம் நிலையம் அழைத்தது. அறுபது வயதைக் கடந்த அவர், தம் நாட்டவர் சிலரையே உடன்கொண்டு சென்றார். திரைக்கதையை யூரி நகீபின் என்னும் ருஷ்ய எழுத்தாளருடன் சேர்ந்து எழுதினார். படைத்தலைவராக யூரி சாலொமினும், தெர்சுவாக மாக்சிம் முன்சூக்கும் நடித்தனர்.

மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பேச வேண்டிய ஒருவர் நடிப்பை எங்ஙனம் ஆராய்வார்? ஹன்கா ஏரிக் காட்சியைக் கண்டார்க்கு இவ்வையம் நீங்கும். பொழுது சாய்கிறது, பனிக்காற்று வீசுகிறது, வழி தவறிவிட்டது. இருவரும் நாணலை வெட்டிக் குவிக்கின்றனர். படைத்தலைவர் சோர்ந்து விழ, வேடர் நிலம் அளக்கும் கருவியின் முக்காலியை நட்டு, நாணலை அதன்மேல் வேய்ந்து, அவர் உயிரைக் காக்கிறார். இங்கே சொல்லுக்கு வேலை மிகக் குறைவு; காற்றும் நாணலுமே பேசுகின்றன. மேலும், தெர்சுவுக்கும் ருஷ்ய மொழி அயல்மொழியே. அவர் அதனைத் திக்கித் திக்கியே பேசுகிறார். தமக்குரியதல்லாத மொழியிடையே நின்று தொழில் செய்த இயக்குநர், அவ்வேடரின் நிலையை நன்கு உணர்ந்திருத்தல் கூடும். வரைபடம் வைத்திருப்பவர், வழி அறிந்தவரைப் பின்பற்றுவதே இக்கதை. படம் எடுக்கப்பட்ட முறையும் அதுவேயன்றோ!

குறையே இல்லை என்பதற்கில்லை. முன்சூக் துவா நாட்டு நாடகக் கலைஞர். நானாய் இனத்தவர் அல்லர். துவா உசூரிக்கு மேற்கே நெடுந்தொலைவில் உள்ளது. பிற நாட்டார்க்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். நானாய் மக்களுக்கு அது சிறிதன்று. அவர்களுள் ஒருவரே தெர்சுவாக நடித்திருப்பின் படம் இன்னும் உயர்ந்திருக்கும்.

1975இல் மாஸ்கோத் திரைப்பட விழாவில் இப்படம் பொற்பரிசு பெற்றது. மறு ஆண்டில் அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. இயக்கியவர் ஜப்பானியர், பிறமொழிப் படத்திற்குரிய அப்பரிசு வழங்கப்பட்டதோ சோவியத்து நாட்டின் பெயரால்.