சான்றிதழும் கூலியும்

போருக்குப் பின்னர் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஜெயபுரம் போன்ற வன்னிக் கிராமங்களின் பெண்களுக்கு அவை வருவாய்க்கு வழி திறந்தன என்பதை மறுப்பார் இலர். ஆயின், 2006இல் ‘குற்றவுணர்வற்ற ஆடைகள்’ என முழங்கிய இத்துறையின் அறம் சான்றிதழோடு நின்றுவிடலாகாது. பங்களாதேசத்தில் 2013 ஏப்ரல் 24இல் இடிந்து, 1,100க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட ராணா பிளாசாவின் ஆலைகள் சிலவும் தணிக்கைக்குட்பட்டவையே. முதல்நாளே சுவர் வெடித்திருந்தும் தொழிலாளர் உள்ளே அனுப்பப்பட்டனர். காரணம் வெளிப்படை: நன்னெறி விதிக்கும் கொள்வனவாளரே விலையைக் குறைத்துத் தவணையையும் நெருக்குகின்றனர், அச்சுமை ஈற்றில் தையற்பெண்ணின் முதுகிலேயே இறங்குகின்றது. அவளது கூலிக்கும் சங்க உரிமைக்கும் இடமளிக்காத ‘நிலைபேறு’ வெறும் விளம்பரமே. கொள்விலை உயராது கூலி உயராது. கூலி உயராத இடத்தில் அறம் பேசுவது போலி.