பயணிகள் விமானம் படைக்குச் செல்லலாமா?

கற்பனையாக ஒரு நாட்டை எண்ணிக்கொள்வோம். நீண்ட கடற்கரை; சிறிய கருவூலம். இருபது ஆண்டுகள் உழைத்த பயணிகள் விமானங்கள் பத்து அந்த நாட்டிடம் இருக்கின்றன. "இவற்றை ஏன் உடைத்து விற்க வேண்டும்? ரேடாரைப் பொருத்தினால் கண்காணிப்பு விமானம்; குண்டுகளைத் தொங்கவிட்டால் போர் விமானம்; எண்ணெயை நிரப்பினால் வானத்து டாங்கர். மூன்றையும் ஒரே விமானத்தில் அடக்கினால் இன்னும் மலிவு!" என்கிறார் ஒரு திட்ட அதிகாரி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பாதி சரி, பாதி ஆபத்து என்பது என் கருத்து. எது சரி, எது ஆபத்து என்பதை நீங்கள் பள்ளியில் படிக்கும் பௌதிகமே பிரித்துக் காட்டிவிடும்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். நேராகப் பறக்கும் விமானத்தின் எடையை இறக்கையின் தூக்கு விசை தாங்குகிறது. காற்றின் தடையை இன்ஜினின் உந்து விசை ஈடு செய்கிறது. நல்ல ஜெட் பயணிகள் விமானத்தில் தூக்கு விசை, தடையைப்போல் சுமார் 17 மடங்கு இருக்கும். அதாவது 70 டன் எடையுள்ள விமானத்தை வானில் ஓட்டிச் செல்ல ஏறத்தாழ 4 டன் உந்து விசை போதும்! நிறையச் சுமப்பதும் நெடுநேரம் பறப்பதும் இதனால்தான் அதற்குக் கைவந்த கலை.

இத்திறமையைப் படைக்குப் பயன்படுத்துவதற்கு நல்ல உதாரணம், 2013 முதல் நம் கடற்படையில் பணியாற்றும் பி-8ஐ விமானம். போயிங் 737 பயணிகள் விமானத்திலிருந்து பிறந்தது இது. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுகிறது. ஒலியைக் கேட்கும் மிதவைகளைக் கடலில் போடுகிறது. கப்பலின் எஃகு உடல் பூமியின் காந்தப் புலத்தில் உண்டாக்கும் சிறு மாறுதலைக்கூட வாலிலுள்ள கருவியால் உணர்கிறது. இவ்வகை விமானம் 2,200 கிலோமீட்டர் சென்று, அங்கே 4 மணி நேரம் தேடிவிட்டுத் திரும்ப வல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது பழைய விமானத்தைத் தட்டிக்கொட்டிச் செய்ததன்று. இப்பணிக்கென்றே உடலை வலுப்படுத்திப் புதிதாகக் கட்டப்பட்டது.

இனி, ஆபத்தான பாதி. விமானம் 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கொசைன் 60 டிகிரி அரை அல்லவா? ஆகவே இறக்கை எடையைப்போல் இரு மடங்கு சுமக்க வேண்டும். பெரிய பயணிகள் விமானங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள வரம்பு பொதுவாக 2.5 மடங்குதான். சண்டை விமானங்களோ 8, 9 மடங்கு வரை தாங்கும். ஏவுகணை துரத்தும்போது பயணிகள் விமானத்தின் உடல் சட்டென்று விலகித் தப்பாது. 2018 செப்டம்பரில் ரஷ்யாவின் இல்-20 கண்காணிப்பு விமானம் சிரியக் கடலோரத்தில் ஏவுகணைக்கு இரையாகி 15 பேர் மாண்டனர். அதுவும் இல்-18 என்ற பயணிகள் விமானத்தின் வழி வந்ததே.

அடுத்தது வயது. உயரே பறக்கும்போது விமானத்தின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 6 டன் விசை வெளியே தள்ளுகிறது. ஏறும்போது உடல் உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. கம்பியை மாறி மாறி வளைத்தால் ஒடிவதுபோல உலோகமும் களைத்து விரிசல் விடும். 1988இல் ஹவாய்த் தீவில், 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்த ஒரு போயிங் 737இன் கூரை நடுவானில் பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய களைத்த உடலில் குண்டுக்காகவும் கருவிக்காகவும் புதிய துளைகள் வெட்டினால் என்ன ஆகும்? இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத் துளையிட்டால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்கிறது கணக்கு.

வெளியே பொருத்தும் பொருள்களும் சாமானியமல்ல. நம் விஞ்ஞானிகள் ஆவ்ரோ 748 என்ற பயணிகள் விமானத்தின் முதுகில் சுழலும் ரேடார் கூண்டைப் பொருத்திச் சோதித்து வந்தனர். 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் அருகே அந்த விமானம் விழுந்தது. விஞ்ஞானிகளும் விமானப் படையினருமாக 8 பேர் உயிர் நீத்தனர். ஆயினும் முயற்சி அங்கேயே முடிந்துவிடவில்லை. 2017இல் எம்ப்ரேயர் 145 விமானத்தின் மேல் அசையாத ரேடார் பொருத்திய 'நேத்ரா' நம் விமானப் படையில் சேர்ந்தது.

'எல்லாப் பணிக்கும் ஒரே விமானம்' என்ற ஆசைக்கு வருவோம். ஏர்பஸ் 330இலிருந்து உருவான டாங்கர் விமானம் 111 டன் எரிபொருள் கொள்ளும். அதற்குத் தனித் தொட்டிகள் தேவையில்லை. பயணிகள் விமானத்துக்கு உரிய தொட்டிகளே போதும். அதனால் உள்ளே ஆட்களையும் ஏற்றலாம். பணிகள் ஒன்றையொன்று இடிக்காததால் இது சாத்தியமாயிற்று. அப்போதும் இரண்டையும் முழு அளவில் ஏற்றிக்கொண்டு எழும்ப முடியாது. மொத்த எடை 233 டன்னைத் தாண்டக் கூடாது. இத்துடன் ரேடாரையும் குண்டையும் சேர்த்தால் எண்ணெய் குறையும், தூரம் குறையும், தடை கூடும். மூன்று பணிகளையும் அரைகுறையாகச் செய்யும் விமானமே மிஞ்சும்.

ஆகவே அந்தக் கற்பனை நாட்டுக்கு நான் சொல்வது இதுதான்: பயணிகள் விமானத்துக்குச் சுமக்கும் வேலையும், காத்திருந்து கண்காணிக்கும் வேலையும் கொடுங்கள், சண்டைக்கு அனுப்பாதீர்கள். ஒரு விமானத்துக்கு ஒரு முதன்மைப் பணி போதும். பழைய விமானமானால், அது எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ணிப் பார்த்த பிறகே உளியை எடுங்கள்.

நம் நாட்டிலும் ஏர் இந்தியாவிடம் இருந்த ஏர்பஸ் 321 விமானங்களில் ரேடார் பொருத்தும் திட்டம் உண்டு. இத்தகைய பணிகளில் நாளை உங்களில் சிலர் ஈடுபடலாம். அப்போது 'மலிவா?' என்று பலர் கேட்பார்கள். 'தாங்குமா?' என்று நீங்கள் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில்தான் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உயிர் இருக்கிறது.