பொதுவழியில் ஒரு சுங்கச்சாவடி

'அ' என்று எழுத நாம் யாருக்கும் கட்டணம் செலுத்துவதில்லை. கணினியின் கோப்பு வடிவங்களும் ஒருவகையில் எழுத்துகளே. எல்லோரும் ஒரே முறையில் எழுதினால்தான் எல்லோராலும் வாசிக்க இயலும். ஆயினும் அங்கே நிலைமை வேறு.

ஜிஃப் என்னும் பட வடிவத்தை 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்டது. அதனுள் இருந்த எல்.இசட்.டபிள்யூ என்ற சுருக்கும் முறைக்கு 1985லேயே அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. இவ்வடிவம் எங்கும் பரவிய பின்னர், 1994இன் இறுதியில்தான், காப்புரிமை பெற்றிருந்த யுனிசிஸ் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவோர் உரிமக் கட்டணம் தரவேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. ஜேபெக் வடிவத்துக்கும் இதுவே நேர்ந்தது. 1987ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்றைக் காட்டி, 2002இல் ஃபோர்ஜென்ட் நிறுவனம் கட்டணம் கேட்கத் தொடங்கியது. பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது.

கண்டுபிடித்தவருக்குப் பலன் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்புக்கு ஊதியம் நியாயமே. நாம் மறுப்பது காலம் தாழ்ந்த கோரிக்கையை. பாதை போடும்போது பேசாதிருந்துவிட்டு, ஊரே நடக்கத் தொடங்கியபின் சாவடி வைப்பது வணிகமாகலாம், அறமாகாது.

எதிர்ப்பிலிருந்து நன்மையும் விளைந்தது. ஜிஃபுக்கு மாற்றாகக் காப்புரிமைத் தளையற்ற பிஎன்ஜி வடிவத்தை ஆர்வலர்கள் 1995இல் உருவாக்கினர். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உரிமக் கட்டணமின்மையை 2004இல் தன் கொள்கையாக்கியது. பொதுத்தரத்தை வகுக்க அமர்வோர் தம் காப்புரிமைகளை முதலிலேயே அறிவிக்கட்டும். பொதுமொழிக்கு அதுவே குறைந்தபட்சக் காவல்.