குற்றவாளி தெரிந்தபின் என்ன கதை?

துப்பறியும் கதை என்றாலே, ‘கொலையாளி யார்?’ என்பது கடைசியில்தான் தெரியவரும் என்று எதிர்பார்க்கிறோம். ரிச்சர்டு லெவின்சனும் வில்லியம் லிங்கும் படைத்த ‘கொலம்போ’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோ இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. கொலையும் கொலையாளியும் முதலிலேயே நம் கண்முன் வந்துவிடுவர். அதன் பின்னரே, கசங்கிய மழைக்கோட்டு அணிந்த கொலம்போவாகப் பீட்டர் ஃபாக் தோன்றுவார்.

அத்தொடரில் 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘சுவான் சாங்’ என்னும் கதையை அண்மையில் மீண்டும் கண்டோம். பக்திப் பாடகர் டாமி பிரவுனாக நடித்திருப்பவர் புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷ். ஆலயம் எழுப்பவென்று அவர் பாடி ஈட்டும் பணம் முழுவதையும் மனைவி தன் பிடியில் வைத்திருக்கிறாள். அவருடைய பழைய பாவமொன்றைச் சொல்லி அச்சுறுத்தவும் செய்கிறாள். ஒருநாள், தாம் ஓட்டிச் செல்லும் சிறு விமானத்தில் அவளுக்கும் உடன்வந்த இளம்பெண்ணுக்கும் மயக்க மருந்து கலந்த காப்பியைக் கொடுத்துவிட்டு, அவர் மட்டும் பாராசூட்டில் குதித்துவிடுகிறார். இருவரும் மாள்கின்றனர். விபத்தென்று நம்பிய உலகம் அவருக்காக இரங்குகிறது.

கொலம்போ சினந்து பேசுவதில்லை. பணிவோடு வினவுகிறார், விடைபெற்றுச் சென்றவர், இன்னுமொரு ஐயம் என்று திரும்பி வருகிறார். இறுதியில், ஒளித்துவைத்த பாராசூட்டை எடுக்க வந்த இடத்தில் பாடகர் பிடிபடுகிறார். கொலையாளியோடு தனித்திருக்க அச்சமில்லையா என்று அவர் கேட்க, என்றேனும் ஒருநாள் நீங்களே ஒப்புக்கொண்டிருப்பீர்கள் என்கிறார் கொலம்போ. எல்லாம் முடிந்ததே என்று பாடகரும் ஆறுதல் அடைகிறார். அவரது இனிய குரலுக்காகச் சட்டம் தளரவில்லை. அவரது குற்றத்திற்காக மரியாதையும் குறையவில்லை.

காயினிடம் அவன் தம்பியைப் பற்றி ஆண்டவர் வினவியதும் அறியாமையால் அன்று. அவன் வாயாலேயே உண்மை வெளிவர வேண்டும் என்பதற்காக அன்றோ? நம் வீடுகளில் பிள்ளையின் பொய் நமக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்கிறோம்? பிடித்துவிட்டோம் என்று ஆர்ப்பரிக்கிறோமா, அவனே சொல்வதற்கு வழிவிடுகிறோமா? நம் கேள்வியில் அன்பு இருந்தால், அவன் மறைப்பதை விட்டு மனந்திறப்பான்.

நமக்கும் இது பொருந்தும். பிடிபட்ட பின்னரே அந்தப் பாடகருக்கு அமைதி கிட்டியது. எல்லாம் அறிந்த இறைவனோ, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நமக்காகப் பொறுமையுடன் காத்திருக்கிறார். அங்கே யாரும் நம்மைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. நாமே சென்று முழந்தாளிடலாம்.