பேட்டரி மேல் பழி, பெல்ட் மேல் குற்றம்!

கிரைண்டரில் மாவு போட்டாச்சு. மோட்டார் உறுமுகிறது, கல் மட்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. உடனே புது மோட்டார் வாங்கக் கடைக்கு ஓடுவோமா? பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றுதானே முதலில் குனிந்து பார்ப்போம்! 1955-ல் சபாபதி என்பவர் மின்சார கிரைண்டரை உருவாக்கிய ஊர் நம் கோயம்புத்தூர். பெல்ட் சங்கதி நமக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் கார் என்று வந்துவிட்டால் மட்டும் நமக்குப் பயம் வந்துவிடுகிறது. காலையில் வண்டி கிளம்பவில்லையென்றால், "பேட்டரி போச்சு" என்று யார் சொன்னாலும் தலையாட்டி, ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

சகோதரிகளே, பேட்டரி என்பது தோட்டத்துத் தொட்டி மாதிரி. தொட்டியில் தானாகத் தண்ணீர் ஊறாது. மோட்டார் ஓடி நிரப்ப வேண்டும். காரில் அந்த வேலையைச் செய்வது ஆல்டர்நேட்டர். பட்டறைக்காரர்கள் வாயில் அது இன்னும் 'டைனமோ'தான். இன்ஜின் ஓடும்போது ஒரு ரப்பர் பெல்ட் அதைச் சுற்றுகிறது. அது மின்சாரம் செய்து விளக்குக்கும் கொடுத்து, பேட்டரியையும் நிரப்புகிறது. பெல்ட் தேய்ந்து வழுக்கினால் ஆல்டர்நேட்டர் வேகமாகச் சுற்றாது. தொட்டி நிரம்பாது. எத்தனை புதுத் தொட்டி கட்டினாலும் வறண்டுதான் போகும்.

பொள்ளாச்சியில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கு இதுதான் நடந்தது. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் அவள்தான். பேட்டரி மாற்றி எட்டே மாதம். திரும்பவும் வண்டி கிளம்பவில்லை. "அத்தை, கடையில இன்னொரு பேட்டரி வாங்கோணும்ங்கறாங்க" என்று போனில் அழாத குறை. "கண்ணு, காலையில வண்டி எடுக்கறப்ப கீச்சுனு ஏதாச்சும் சத்தம் வருதா?" என்று கேட்டேன். "ஆமாங்கத்தை, ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தி" என்றாள். பட்டறையில் பெல்ட்டைக் கழற்றிக் காட்டினார்கள்: உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. "பேட்டரி நல்லாத்தானுங்க்கா இருக்குது, பெல்ட்டுதான் நழுவுதுங்க" என்றாராம் மெக்கானிக். பெல்ட்டை மாற்றி, அதே பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் போட்டார்கள். இன்றைக்கும் ஓடுகிறது.

நீங்களே கவனிக்க வேண்டியவை இவை:

சத்தம்: குளிர்ந்த காலையிலோ, மழை நாளிலோ வண்டியை எடுத்ததும் 'கீச்' என்கிறதா? ஹெட்லைட், ஏசி போட்டதும் கூடுகிறதா? ஆல்டர்நேட்டருக்குச் சுமை கூடும்போது பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

சிவப்பு விளக்கு: சாவியைத் திருப்பியதும் பேட்டரி படம் எரிய வேண்டும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் 'பேட்டரி கெட்டுவிட்டது' என்பதல்ல, 'சார்ஜ் ஏறவில்லை' என்பதே அதன் பொருள்.

பெல்ட்: இன்ஜினை அணைத்து, சூடு ஆறியபின், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பானெட்டைத் திறக்க வேண்டும். முந்தானை, துப்பட்டா, பின்னலைச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வெடிப்பு, பிசிறு, மினுமினுப்பு, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் வரி வரியான பெல்ட்டுகள் வெடிக்காமலே, செருப்பின் அடிப்பாகம் போலத் தேயும். அதைப் பட்டறையில்தான் அளந்து சொல்ல முடியும்.

மீட்டர்: எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். பன்னிரண்டிலேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் நன்றாக இருந்தும் இப்படியென்றால், ஆல்டர்நேட்டரையோ ஒயரையோ எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

சத்தத்தை அடக்கச் சோப்பு, மெழுகு, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். "நல்லா இறுக்கி விடுங்க" என்றும் சொல்லாதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்நேட்டரின் பேரிங் போய்விடும். செலவு பல மடங்காகும்.

இதில் பணம் மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் இரவில் ஏறும்போது ஹெட்லைட் மங்கினால் என்ன ஆகும்? ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஹெட்லைட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். சூடு காட்டும் முள்ளைப் பாருங்கள். மாருதி 800 போன்ற பல வண்டிகளில் இதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. முள் ஏறினாலோ, ஸ்டியரிங் திடீரென்று கனத்தாலோ, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். பெல்ட் அறுந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். முள் சாதாரணமாக இருந்தால், இன்ஜினை அணைக்காமல் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடலாம். அணைத்தால் மறுபடி கிளம்பாமல் போகலாம்.

அடுத்த தடவை "பேட்டரி மாத்தோணும்" என்று யாராவது சொன்னால், "ஏனுங்க, பெல்ட்டைப் பார்த்தீங்களா? ஓடறப்ப எத்தனை வோல்ட் காட்டுதுங்க?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.