போத்தலுக்கு இரண்டு கரண்டி வினாகிரி

அப்பிள் சைடர் வினாகிரியை ஜெலி இனிப்பாக்கி 'கம்மி' என்று விற்கிறார்கள். ஹட்டனில் எமது கடைக்கும் ஒரு விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்தார். உடம்பு மெலியுமாம், சீனி வருத்தம் குறையுமாம். வியாபாரிக்கு லேபல்தான் பேச வேண்டும்.

இச்சரக்கைப் பிரபலமாக்கிய அமெரிக்கக் கம்பனியான கோலியின் லேபலின்படி, ஒரு கம்மியில் வினாகிரி 500 மில்லிகிராம், சேர்த்த சீனி 1 கிராம். 60 கம்மி உள்ள போத்தலுக்குக் கணக்குப் போடுங்கள். வினாகிரி 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. சீனியோ 60 கிராம்! பெயருக்கேற்ப வினாகிரி கம்மிதான்.

2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், தினமும் 15 அல்லது 30 மில்லிலீற்றர் வினாகிரியை 12 வாரம் குடித்தவர்களுக்கே ஒன்றிரண்டு கிலோதான் குறைந்தது. அந்த அளவுக்கு இந்தப் போத்தல் இரண்டு நாளைக்கு மேல் காணாது. பெரிதாகப் பேசப்பட்ட 2024ஆம் ஆண்டு லெபனான் ஆய்வை, அதை வெளியிட்ட பி.எம்.ஜே. குழுமமே 2025இல் வாபஸ் பெற்றுக்கொண்டது.

வினாகிரியில் நமக்குப் பிரச்சினை இல்லை. இனிப்பை இறுகச் செய்யும் பொருளில்தான் இருக்கிறது. பெக்டின் பழத்திலிருந்து வருவது. வெறுமனே ஜெலட்டின் என்றிருந்தால் மாடா பன்றியா என்று கேளுங்கள். ஹலால் சான்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

நான் ஓடர் கொடுக்கவில்லை. நாட்சம்பளக் காசோடு வரும் தோட்டத்துத் தாய் ஒருவர், கிளினிக் மாத்திரையை விட்டு இதை நம்பினால் பதில் சொல்ல வேண்டியவர் கல்லாவில் இருப்பவர்தான். விற்கத்தான் வேண்டுமென்றால் டொபி போத்தல்களோடு வையுங்கள், பனடோல் பக்கத்தில் வேண்டாம்.