கட்ட வைத்தவர்கள் நாங்கள்

முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரை வெளியிடக் கடன் வாங்குகிறார்கள். சிலர் வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. பன்னாட்டுப் பதிப்பகங்களின் பேராசைதான் இதற்குக் காரணம் என்று துறை அறையில் தேநீர் குடித்தபடி பேசிக்கொள்கிறோம். பேராசை இருப்பது உண்மைதான். ஆனால், எந்த இதழில் கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்ற விதியை அந்தப் பதிப்பகங்கள் எழுதவில்லை. பாடத்துறைக் குழுவிலும் ஆய்வுக் குழுவிலும் உட்கார்ந்து அதை எழுதிக் கையெழுத்திட்டவர்கள் நெறியாளர்களாகிய நாங்கள்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வை மக்கள் காசு கொடுக்காமல் படிக்க வேண்டும் என்ற 'திறந்த அணுக்க'க் கோரிக்கை 2002இல் புடாபெஸ்ட் அறிக்கையாக வெளிவந்தது. அது இரண்டு வழிகளைச் சொன்னது. எழுதியவரே தன் கட்டுரையைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவைப்பது ஒன்று. வாசகரிடம் காசு வாங்காத இதழ்களை நடத்துவது மற்றொன்று. முதல் வழியில் எழுதுபவருக்குச் செலவே இல்லை. அதை நாங்கள் சீண்டவில்லை. இரண்டாவது வழியைப் பெரிய பதிப்பகங்கள் பிடித்துக்கொண்டன. வாசகரிடம் வாங்கிய காசை எழுதுபவரிடம் வாங்கினால் போயிற்று என்று கணக்கைத் திருப்பிப் போட்டன.

அந்தக் கணக்கு எங்கே போய் நின்றது? 2021 தொடக்கத்திலிருந்து 'நேச்சர்' இதழ் திறந்த அணுக்கத்துக்கு வாங்கத் தொடங்கிய கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். அப்போது இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய். அவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டாம், நடுத்தர இதழ்களிலேயே இரண்டாயிரம் டாலரைத் தாண்டுகிறது. இன்று முதுநிலை ஆய்வாளருக்கான எஸ்.ஆர்.எஃப். வாங்கும் ஒருவருக்கு அது நான்கு மாத உதவித்தொகை. உதவித்தொகையே இல்லாமல், சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு பகுதி நேரமாக ஆய்வு செய்பவருக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பல பதிப்பகங்களில் கட்டண விலக்கு உண்டு. ஆனால் நாட்டின் பொருளாதாரம் பெரிது என்பதால் இந்தியா பெரும்பாலும் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வரும் நாளைப் பாருங்கள். பிள்ளை கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறது. வாழ்த்துகிறோம், இனிப்பு எங்கே என்று கேட்கிறோம். அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் திறந்தால், பல இதழ்களில் இரண்டு தெரிவுகள் இருக்கும். திறந்த அணுக்கம் என்றால் இவ்வளவு டாலர். சந்தா முறை என்றால் கட்டணம் இல்லை. இரண்டாவதைத் தேர்ந்து, ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றினாலே போதும். பெரும்பாலான பதிப்பகங்கள், குறிப்பிட்ட காத்திருப்புக் காலத்துக்குப் பிறகாவது, இதை அனுமதிக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லித்தர கால் மணி நேரம் ஆகும். "அதெல்லாம் நீயே பாத்து முடிச்சிடும்மா" என்று அனுப்பிவிட்டோம். முழுக்கவே கட்டணத்தில் ஓடும் இதழ் என்றால் அந்தத் தெரிவும் கிடையாது. அப்படிப்பட்ட இதழுக்கு அனுப்பச் சொன்னதும் பெரும்பாலும் நாங்கள்தான். அங்கே சீக்கிரம் வந்துவிடும், ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கிறது, தரவரிசைக்கு எண்ணிக்கை கூடும் என்றோம். கட்டுரையில் எங்கள் பெயரும் இருந்தது. ரசீது மட்டும் பிள்ளையின் பெயரில் வந்தது.

விதி தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே கூட்டாகக் கொள்கை வெளியிட்டன. தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்றது அது. அந்தச் சுற்றறிக்கை எங்கள் மேசைக்கும் வந்தது, கோப்பில் கட்டிவைத்தோம். அதற்கும் முன்பே, சென்னையில் இருந்துகொண்டு தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம் ஆண்டுக்கணக்கில் இதையே சொல்லிவந்தார். அவர் பேசிய கூட்டத்துக்குப் போனோம், கைதட்டினோம், மதிய உணவு முடிந்ததும் கிளம்பிவிட்டோம். இயற்பியல்காரர்கள் 1991 முதலும் கணிதக்காரர்கள் அதை அடுத்தும், இதழில் வருமுன்பே கட்டுரைகளை ஆர்க்சைவ் என்ற இலவசத் தளத்தில் போட்டுவருகிறார்கள். அதன் நகல் தளம் ஒன்று தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலேயே இயங்கியது. பக்கத்து வீதியில் நடந்ததை மற்றத் துறைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் சொந்த இதழ்களுக்கு நாங்கள் செய்தது இதைவிட மோசம். சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி, எழுதுபவரிடம் காசு கேட்காத, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களை நெடுங்காலமாக நடத்திவருகிறது. அவற்றுக்கு நாங்கள் அனுப்பியது, வெளிநாட்டு இதழ்கள் திருப்பியனுப்பியதைத்தான். பிறகு நேர்காணலில் உட்கார்ந்து, "இந்திய ஜர்னல்தானா?" என்று உதட்டைப் பிதுக்கினோம். நல்ல கட்டுரை போகாத இதழ் எப்படி மதிப்புப் பெறும்? பிரேசிலில் 1997இல் தொடங்கிய சைஎலோ என்ற திறந்த அணுக்க இதழ்த் திட்டம், பொதுப்பணத்தை வைத்துத் தன் நாட்டு இதழ்களைத் தாங்கிப் பிடித்து, பிற லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் பரவியது. அவையும் பணக்கார நாடுகள் அல்ல.

பதிப்பகங்களுக்கு இலவச உழைப்பும் கொடுத்தோம். கட்டுரைகளை மதிப்பிடும் வேலைக்கு அவை எங்களுக்குப் பைசா தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்து, கிடைத்த சான்றிதழைப் பதவி உயர்வு விண்ணப்பத்தில் இணைத்தோம். மதிப்பிடுகிறேன், பதிலுக்கு ஏழை மாணவருக்கு விலக்கு கொடு என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்று நாங்கள் ஆக்கிவைத்ததும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் பெருகின. பெரிய பெயர்களும் தப்பவில்லை. ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் வந்த கட்டுரைகளில் 8,000க்கும் மேற்பட்டவற்றை அதன் உரிமையாளரான வைலி 2023இல் திரும்பப் பெற நேர்ந்தது. இப்படிக் காசும் போய்ப் பெயரும் போனவர்களில் இளையவர்களும் உண்டு. எங்களுக்கு நிரந்தர வேலை இருந்தது.

இப்போது 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் வந்திருக்கிறது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் அவற்றைப் படிக்கலாம் என்பது நல்ல செய்தி. ஆனால் அதன் பெரும்பகுதி படிப்பதற்கான சந்தா. எழுதுபவரின் கட்டணச் சுமையை அது முழுதாக இறக்கிவைக்காது. ஆகவே, தில்லி பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் மறுபடியும் கையைக் கட்டிக்கொள்ள முடியாது.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழு தன் 2022 விதிமுறைகளில் கைவிட்டது. பல பல்கலைக்கழகங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் வைத்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான். அடுத்த கூட்டத்தில் அதை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். கட்டணம் கட்டியாக வேண்டும் என்றால், அது ஆய்வுத் திட்ட நிதியிலிருந்தோ நெறியாளரிடமிருந்தோ வரட்டும், மாணவரிடம் கேட்கக் கூடாது என்று எழுதிவைக்கலாம். பணி நேர்காணலில் இதழின் பெயரைப் பார்க்காமல் கட்டுரையைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கலாம். இவற்றுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ லண்டனிலிருந்தோ எந்தப் பதிப்பகத்தாரும் அனுமதி தர வேண்டியதில்லை. இதுவரை செய்யாமல் விட்டதற்கும் அவர்களைக் காரணம் காட்ட முடியாது.